பாலத்தில் ஒரு கல் பாக்கி

வரி கேட்டு ஆள் வருகிறான் என்றதும் கடையை அடைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடுகிற வியாபாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானே அப்படி ஓடியிருக்கிறேன். ஆனால், “எனக்கு ஏன்வே வரியைக் குறைச்சுப் போட்டீரு?” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் சண்டைக்கு நின்ற வியாபாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது. அந்த அதிசயம் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒரு சந்தைத் தெருவில்தான் நடந்தது. நடத்திக் காட்டியவர் ஒரே ஒரு மனிதர். அவர்தான் எங்கள் தமுக்கு அண்ணாச்சி.

வீட்டில் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. தேர்தலில் நின்றபோது அந்தப் பெயரைத் தாளில் பார்த்துவிட்டு, “இது யாருவே புது ஆளு?” என்று ஊர் குழம்பிப் போனது. அவருடைய தொண்டை அப்படி. தன் பாத்திரக்கடையில் உட்கார்ந்தபடி, “ஏலே, ஒரு சாயா!” என்று அவர் கூப்பிட்டால், எங்கள் தெருச் சாயாக்கடையிலும் ஒன்று போடுவார்கள்; சானல் என்று நாங்கள் சொல்கிற கால்வாய்க்கு அக்கரையில் இருக்கிற சாயாக்கடையிலும் ஒன்று போடுவார்கள். அவர் இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, இரண்டையும் குடிப்பார். அவர் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆன மறுநாள், ஊரில் தமுக்கடித்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தவர் தமுக்கைக் கொண்டுவந்து ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு, “இனி எனக்கு இங்க என்ன சோலி?” என்று போய்விட்டார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

அந்தத் தெருவின் கோடியில் அப்போது நான் சிலேட்டு, மை, நோட்டுப் புத்தகம் விற்கிற கடை வைத்திருந்தேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கொட்டாரம் ஊரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மீதிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்க வேண்டும். மகாராஜா ஆட்சி போய், திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த வருடங்கள் அவை. ஊருக்குப் பஞ்சாயத்து வந்திருந்தது. பஞ்சாயத்துக்கு ஒரு மேஜை வந்திருந்தது. மேஜைக்கு மூன்று கால்கள் வந்திருந்தன. நாலாவது காலுக்குச் செங்கல் அடுக்கியிருந்தோம்.

என் கடையை ஒட்டித்தான் சானல் ஓடியது. அதன் குறுக்கே இரண்டு பனந்தடிகளைச் சேர்த்துப் போட்டிருந்தது. அதற்குப் பெயர் பாலம். கடற்கரையிலிருந்து மீன்காரிகள் தலையில் கடவம் என்கிற பெரிய ஓலைப்பெட்டியோடு வருவது அதன் வழியாகத்தான். வாழைக்குலை வருவதும், நெல் வருவதும், பெண் பார்க்க மாப்பிள்ளை வருவதும் அதன் வழியாகத்தான். மழை தொடங்கிவிட்டால் தடியில் பாசி பிடிக்கும். ஓர் ஐப்பசி மாதக் காலையில் லூர்தம்மை என்ற மீன்காரி, கடவம் நிறைய நெத்திலியோடு வந்தவள், சரியாக நடுப்பாலத்தில் வழுக்கிச் சானலுக்குள் விழுந்தாள்.

அண்ணாச்சிதான் முதலில் பார்த்தவர். அவர் போட்ட சத்தத்தில் வயலில் நின்ற ஆட்கள் எல்லாம் ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள். நெத்திலி சானலோடு போயிற்று. லூர்தம்மைக்குக் கணுக்கால் முறிந்து, வைத்தியர் கட்டுப் போட்டு, நடக்க மாசக்கணக்கு ஆயிற்று. திரும்பி வந்தவள் அக்கரைப் பூவரச மரத்தடியில் கடவத்தை இறக்கி வைத்தாள். உட்கார்ந்தாள். பாலத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாதாவாண, அந்தத் தடியில இனி நான் கால வைக்க மாட்டேன். மீன் வேணும்னா நீங்க இங்க வாங்க!” என்றாள்.

மற்ற மீன்காரிகளும் அவளோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே நாளில் எங்கள் மீன்சந்தை அக்கரைக்குப் போய்விட்டது. நாஞ்சில் நாட்டு மனிதனை எதைச் சொல்லி வேண்டுமானாலும் சமாதானப்படுத்தலாம்; மீன் இல்லாத சோற்றைக் காட்டிச் சமாதானப்படுத்த முடியாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் ஒரு கையில் வேட்டித் தலைப்பையும் மறு கையில் ஓலைப்பையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சாமியைக் கும்பிட்டு, பனந்தடியில் நடந்து போய்ச் சாளை வாங்கி வந்தார்கள். போகும்போது கும்பிட்ட சாமியை வரும்போது திட்டிக்கொண்டே வந்தார்கள்.

அண்ணாச்சி இக்கரையில் நின்று கத்தினார். “லூர்தம்மோ! அடுத்த ஐப்பசிக்குள்ள உனக்குக் கல்லுப்பாலம் கெட்டித் தாறேன். கடவத்தோட நீ நடந்து வாற, நான் பாக்கேன்!”

“வாயால கெட்டுத பாலத்துல நான் ஏற மாட்டேன் அண்ணாச்சி!” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கும் தொண்டை லேசுப்பட்டதல்ல.

அந்தச் சொல் அவரைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு, தூக்கம், வியாபாரம் எல்லாம் பாலம்தான். பாத்திரம் வாங்க வந்தவரிடம் குடத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கல் என்ன விலை என்று விசாரித்தார். பாலம் கட்டப் பஞ்சாயத்திடம் என்ன இருந்தது? கடைவரி ஒன்றுதான். அதுவரை அந்த வரி எவ்வளவு என்று எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிப்பார்; ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். அதில் கொஞ்சம் ஊருக்குத் திரும்பி வரும் என்றார்கள். திரும்பி வந்தது அந்த மேஜை. இப்போது புதிதாக ஒரு வசதி செய்திருந்தார்கள். ஊர் விரும்பினால் தன் கடைகளுக்குத் தானே வரி போட்டு, அதைத் தன்னிடமே வைத்து, ஊர் வேலைக்குச் செலவு செய்துகொள்ளலாம். விரும்பினால்தான். எந்த ஊர் விரும்பும்? அண்ணாச்சி விரும்பினார்.

“நம்ம கடை, நம்ம வரி, நம்ம பாலம்” என்றார். அதைக் காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை சொன்னார். தெரு மாடுகளுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது.

சரி, எந்தக் கடைக்கு எவ்வளவு? அங்கேதான் சிக்கல். உண்மையான வியாபாரத்தை எந்த வியாபாரி வாய்விட்டுச் சொல்லுவான்? ஜவுளிக்கடை முதலாளி கழுத்தில் வடம் போன்ற சங்கிலியோடு நின்றுகொண்டு, “இந்த வருசம் எவன் அண்ணாச்சி புதுத்துணி எடுக்கான்? எல்லாவனும் பழசத் துவைச்சுல்லா உடுக்கான்” என்று கண்ணைத் துடைத்தார். அவருக்கு எதிர்க்கடை பலசரக்குக்காரர். இரண்டு பேரும் அத்தை மகன், மாமன் மகன். பேச்சு வார்த்தை கிடையாது. அவர் ஒரு பெட்ரோமாக்ஸ் வாங்கினால் இவர் இரண்டு வாங்குவார். பேசுவது மட்டும் கிடையாது. அந்தப் பலசரக்குக்காரரும் அழுதார். ஆனால் ஜவுளிக்கடையை விடக் கொஞ்சம் அதிகமாக அழுதார்.

அண்ணாச்சி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வியாபாரம் அதிகமாக நடக்கிற கடையில் குப்பையும் அதிகமாகத்தானே விழும்? ஆகவே விடிந்ததும் ஒவ்வொரு கடை வாசலிலும் கூட்டி வைத்த குப்பையைப் பார்த்து, குவியலுக்குத் தக்க வரி. முதல்நாள் நன்றாகத்தான் நடந்தது. இரண்டாம் நாள் விடிவதற்குள் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் புத்தி வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தன் வாசல் குப்பையைப் பக்கத்துக் கடை வாசலுக்குத் தள்ளினார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதற்கடுத்த வாசலுக்குத் தள்ளினார். தெருவின் கடைசியில் இருந்தது யார்? நான்.

காலையில் கடை திறக்க வந்தால் கதவைக் காணவில்லை. அதற்கு முன்னால் ஒரு மலை. அண்ணாச்சி ஏற்கெனவே வந்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

“சிலேட்டுக்கடை! நீருதான்வே இந்தச் சந்தையில பெரிய முதலாளி. இம்பிடு நாளும் ஒளிச்சு வச்சிருந்தீரே!”

“அண்ணாச்சி, நல்லாப் பாரும். இதுல எச்சில் இலை கெடக்கு, முடி கெடக்கு, புண்ணாக்கு கெடக்கு, மீன் செதிள் கெடக்கு. நான் சிலேட்டு விக்கவன்!”

அவர் குனிந்து ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். “மீன் செதிளா? மீன்சந்தையே அக்கரையிலல்லா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, உடனே நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். தெரு வானத்தைப் பார்த்தது. “சவத்துப் பயலுவ” என்று தலையில் அடித்துக்கொண்டார். குப்பை வரி அத்தோடு ஒழிந்தது. அந்த மலையை அப்புறப்படுத்த எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. ஒருத்தனாவது கை கொடுத்தானா? கிடையாது.

ஆனால் மனிதர் அசருகிற ஜாதி இல்லை. அவருடைய பாத்திரக்கடை வாசலில் ஒரு பெரிய கருங்கல் படி உண்டு. ஊருக்கு என்ன சொல்வதானாலும் அதில் ஏறி நின்றுதான் சொல்வார். அடுத்த சந்தை நாளில், கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து ஏறினார்.

“கேட்டுக்கிடுங்க! கணக்கும் வேண்டாம், குப்பையும் வேண்டாம். அவனவன் இந்தக் கல்லுல ஏறி நிண்ணு, அவனவன் கடைக்கு வரி எம்பிடுன்னு அவனவன் வாயால சொல்லட்டும். நான் அத ஒரு மட்டம் திருப்பிச் சொல்லுவேன். அம்பிடுதான்!”

எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நம் வரியை நாமே சொல்லலாமா? இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

முதலில் ஏறியவர் ஜவுளிக்கடை முதலாளி. அந்தச் சமயத்தில் அவர் மகளுக்கு அருமனையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள், ரப்பர்த் தோட்டக்காரர்கள். பெண் வீட்டின் நிலவரம் எப்படி என்று விசாரிக்க மாப்பிள்ளையின் அப்பா அன்று சந்தைக்கே வந்திருந்தார். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடை முதலாளிக்கு அது தெரியாது. அண்ணாச்சியின் காதுக்குள், “மூணு ரூவா” என்று முணுமுணுத்தார்.

அண்ணாச்சி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“ஜவுளிக்கடை முதலாளி! வருசத்துக்கு! மூணே மூணு ரூவா! பாவம், அவரால அம்பிடுதான் முடியும்!”

மாப்பிள்ளையின் அப்பா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். அதைக் கல்லின் மேல் நின்றபடி பார்த்த ஜவுளிக்கடை முதலாளியின் முகத்தில் ரத்தம் இல்லை. அண்ணாச்சியின் துண்டைப் பிடித்து இழுத்தார். “முப்பது! முப்பதுன்னு சொல்லும்வே! பூச்சியம் விட்டுப் போச்சுல்லா!”

“முப்பது!” என்று அண்ணாச்சி முழங்கினார். கிளாஸ் மறுபடியும் மாப்பிள்ளையின் அப்பா கைக்குப் போனது.

“அவன் முப்பதுன்னா எனக்கு நாப்பது!” என்றது எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல். பலசரக்குக்காரர் கல்லில்கூட ஏறவில்லை. அரிசி மூட்டையின் மேலேயே ஏறி நின்றிருந்தார். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. எண்ணெய்க்கடை, வெற்றிலைக்கடை, முடிவெட்டுகிற கடை என்று வரிசையாக ஏறினார்கள். என் முறை வந்தது. நான் உறுதியாக இரண்டு ரூபாய் என்றேன்.

“சிலேட்டுக்கடை! ரெண்டு ரூவா! பாவம், விடுங்க, புள்ள பிழைச்சுப் போட்டும்!”

சந்தை முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒரு அம்மாள் ‘உச்’ கொட்டினாள். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வலிக்குமே என்று வரியை இரட்டிப்பாக்கினேன்.

அண்ணாச்சி தன் கடைக்கு என்ன சொன்னார் தெரியுமா? யார் அதிகமாகச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய். பலசரக்குக்காரர் ஏற ஏற இவரும் ஏறினார். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரி, எங்களுக்கெல்லாம் மைனி, வெடித்தாள். “பாத்திரம் வித்தால்லா வரி கெட்டணும்? சத்தம் போட்டுப் போட்டு வாறவனையும் வெரட்டியாச்சு. பேச்சப் பாரு, மனுசனுக்க பேச்ச!” அன்றைக்கு ஊரே கேட்ட குரல்களில் அது ஒன்றுதான் நியாயமான குரல்.

மறுவாரம் முதல் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நான் ஆரம்பத்தில் சொன்ன சண்டை தொடங்கியது. வெற்றிலைக்கடைக்கும் எனக்கும் ஒரே வரியா, அவன் எங்கே நான் எங்கே என்று முடிவெட்டுகிறவர் வந்து குதித்தார். அண்ணாச்சி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, “இருந்து பேசும், கூட்டிப் போட்டாப் போச்சு” என்று சிரித்துக்கொண்டே சமாதானம் பண்ணினார். பாலத்துக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. கொத்தனாரை அழைத்து வந்து, அவரே சானலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று நீளமும் ஆழமும் பார்த்தார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து அந்த அதிகாரி வந்தார். குடையும் கண்ணாடியும் வைத்த நல்ல மனிதர். பேச்சில் பாதி மலையாளம். சந்தையில் எல்லோரையும் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னார். இனிமேல் எல்லா ஊரிலும் கடைகளுக்கு ஒரே மாதிரி வரி. நீங்கள் போட்டிருப்பதில் கால்வாசிகூட வராது. வசூலாவது மேலே போய்விடும். பாலம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், முறைப்படி வரும்.

கால்வாசி என்ற சொல் எங்கள் காதில் தேனாகப் பாய்ந்தது. ஜவுளிக்கடை முதலாளியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. இனி அவர் ஏழையாக இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பலசரக்குக்காரர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எனக்கென்ன, பாலத்துக்கு இந்தப் பக்கம்தானே கடை?

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் படிக்கல்லில் ஏறினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

சானல் தண்ணீரில் ஒரு வாரம் நின்றதில் தொண்டை கட்டிவிட்டது. மறுபடியும் திறந்தார். மறுபடியும் காற்று. அந்த மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டிச் சானலைக் காட்டினார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. தமுக்கு அண்ணாச்சியின் வாயிலிருந்து சத்தம் வராததைக் கேட்டு, தெருவே ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனது. என் தலை ஆடுவது தானாக நின்றது.

அந்த அமைதிக்குள் அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஜவுளிக்கடை முதலாளியோ!”

லூர்தம்மை எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையில் அயிலை, ஒரு கையில் கத்தி.

“முப்பதுன்னு சொன்னது உம்ம வாயா, வேற வாயா? இந்தக் கரையில நாங்க அம்பிடு பேரும் கேட்டோம். சம்பந்தி வீட்டுக்காரரும் கேட்டாரு. அருமனைக்கு மீன் கொண்டு போக எனக்கு வழி தெரியாதுன்னு நினைச்சுக்கிடாதீரும்!”

ஜவுளிக்கடை முதலாளி துள்ளி நிமிர்ந்தார். “முப்பதுதான்! இல்லேன்னு இப்ப எவன் சொன்னான்? எழுதும் சாரே, முப்பது!”

“எனக்கு நாப்பது!” என்று பலசரக்குக்காரர் உடனே கத்தினார். அவர் பெயரை இன்னும் யாரும் சொல்லவே இல்லை.

“சிலேட்டுக்கடைக்காரோ!” என்று அடுத்த குரல் கிளம்புவதற்குள் நானும் கையைத் தூக்கிவிட்டேன். வரியைக் குறைக்க வந்தவரிடம், குறைக்காதே என்று ஒரு சந்தையே அடம்பிடித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். நாங்கள் அப்படியேதான் நின்றோம்.

“ஒரு வழி உண்டு” என்றார் கடைசியில். ஊர் வேலை ஏதாவது முன்பே தொடங்கியிருந்தால், அந்த வேலை முடியும் வரைக்கும் ஊர் போட்ட வரியை ஊரே வைத்துக்கொள்ளலாம். தொடங்காவிட்டால் முடியாது. “பாலம் பணி துடங்கியோ?”

எங்கே தொடங்கியது? இன்னும் ஒரு கல்கூட வாங்கவில்லை. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். தான் நின்றுகொண்டிருந்த படிக்கல்லைப் பார்த்தார். குதித்து இறங்கி, உள்ளே ஓடி, கடப்பாரையோடு வந்தார். “எய்யா, எனக்க படிக்கல்லு!” என்று மைனி கத்தக் கத்த அதை நெம்பினார். நாங்கள் நாலு பேர் கை கொடுத்தோம். ஜவுளிக்கடையும் பலசரக்கும் ஒரே கல்லைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. கொண்டு போய்ச் சானல் கரையில் போட்டோம். அண்ணாச்சி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, காற்றுக் குரலில் அதிகாரியிடம் சொன்னார்.

“துடங்கியாச்சு சாரே.”

அதிகாரி கல்லைப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்தார். பணி தொடங்கியது என்று எழுதிக்கொண்டு குடையை விரித்துப் போய்விட்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

அடுத்த ஐப்பசிக்குள் பாலம் வந்துவிட்டது. கல்லுப்பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். லூர்தம்மை கடவத்தோடு வந்து முதல் கல்லில் காலை வைத்து உதைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. நடந்தாள். இக்கரைக்கு வந்து கடவத்தை இறக்கியதும் அண்ணாச்சியிடம் கேட்டாள்.

“எனக்கும் வரி சொல்லும். இந்தச் சந்தையில நானும் யாவாரம் செய்யுதேன்லா?”

அண்ணாச்சிக்குத் தொண்டை எப்போதோ சரியாகியிருந்தது. சந்தை முழுக்கக் கேட்க முழங்கினார். “லூர்தம்மை! கால் ரூவா!”

“என்னது, கால் ரூவாயா? நான் என்ன சிலேட்டுக்கடையா? அரை ரூவா போடும்!”

கதை இங்கேயே முடிந்திருந்தால் அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கைப்பிடிச் சுவரின் கடைசியில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அண்ணாச்சியின் படிக்கல்லுக்கான இடம் அது. கொத்தனார் சாந்து குழைத்து வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கப் போனார்.

“நில்லும் கொத்தனாரே” என்றார் அண்ணாச்சி. “இந்தக் கல்ல வச்சா என்ன ஆகும்?”

“பாலம் முடிஞ்சிரும்.”

“பாலம் முடிஞ்சா?”

கொத்தனார் முழித்தார். எங்களுக்குத்தான் புரிந்தது. வேலை முடியும் வரைதான் வரி ஊருக்கு. சாந்து காய்ந்து போனது. கல் கரையிலேயே கிடந்தது.

வருடத்துக்கு ஒரு முறை குடையோடு அதிகாரி வருவார். “பாலம் தீர்ந்நோ?” என்பார். “தீரல்ல சாரே, ஒரு கல்லு பாக்கி” என்பார் அண்ணாச்சி, முகத்தில் ஈ ஆடாமல். அவரும் அந்த இடைவெளியை எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போவார். வேலைதான் நடக்கிறதே! பாலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று தெருவுக்கு ஓடை வெட்டினோம். பாலம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தெருவிளக்குப் போட்டோம். பாலத்தில் நடந்து வருகிறவர்கள் நனையக் கூடாது என்று சந்தைக்குக் கொட்டகை போட்டோம். அவர்களுக்குத் தாகம் எடுக்குமே என்று கிணறு வெட்டினோம். பாலத்தைச் சாக்கு வைத்து அந்த மனிதர் ஓர் ஊரையே கட்டிவிட்டார். அத்தனை வருடமும் அவர் கடைக்குப் படி கிடையாது. ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். ஏறும்போது அது ‘டங்’ என்று சத்தம் போடும். “சாமான் எம்பிடு உறுதின்னு பாத்தீரா?” என்பார். “எனக்க படிக்கல்ல எப்ப கொண்டு வருவீரு?” என்று மைனி தினமும் கேட்பாள். கரையில் கிடந்த அந்தக் கல்லின் மேல் லூர்தம்மை உட்கார்ந்து மீன் விற்றாள்.

எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த வருடம், ஆடி மாதத்தில், அண்ணாச்சி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு தெரு ரொம்ப அமைதியாக இருந்தது. அந்தச் சத்தத்தை எத்தனையோ நாள் சபித்திருக்கிறேன். இந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாநிலம் மாறியது. புது அதிகாரி வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், குடை இல்லை. பாலத்தைப் பார்த்ததும், “பாலம் முடிஞ்சிருச்சுல்ல? அப்ப இனிமே கடைவரி மேல வந்துரணும்” என்றார். இடைவெளியைக் காட்டினோம். “இந்த ஒரு கல்லுதானா? அரை மணி நேர வேலை. நானே நின்னு வச்சுத் தந்துட்டுப் போறேன்” என்று இரண்டு ஆட்களைக் கல்லைத் தூக்கச் சொன்னார்.

கல்லின் மேல் லூர்தம்மை உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“கொஞ்சம் எந்திரிம்மா.”

“எந்திக்க மாட்டேன். பாலம் முடிஞ்சுதுன்னு சொல்ல வேண்டியவரு இப்ப இல்ல. பொறவு எவன் சொல்ல?”

பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மைனி அண்டாவின் மேல் கால் வைத்துத் தெருவில் இறங்கி வந்தாள். “அது எனக்க படிக்கல்லாக்கும். நான் தர மாட்டேன்” என்றாள் அதிகாரியிடம். அவ்வளவுதான் சொன்னாள். போய் லூர்தம்மையின் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். “என்னங்க இது? நீங்க சொல்லுங்க. பாலம் முடிஞ்சுதா இல்லையா?”

ஜவுளிக்கடை முதலாளி பலசரக்குக்காரரைப் பார்த்தார். பலசரக்குக்காரர் ஜவுளிக்கடை முதலாளியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “முடியல்ல சார்” என்றார்கள்.

என் குரல் சாதாரணமாகப் பக்கத்துக் கடைக்கே கேட்காது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “ஒரு கல்லு பாக்கி!” என்று கத்தினேன்.

அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருச் சாயாக்கடைப் பையன் ஒரு கிளாஸோடு நின்றான். “நான் சாயா கேக்கல்லியே மக்கா” என்றேன். “இம்பிடு சத்தமாக் கூப்பிட்டுட்டு இல்லேங்கியரே!” என்றான் அவன். பாலத்தின் அக்கரையிலிருந்தும் ஓர் ஆள் இன்னொரு கிளாஸைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

நான் இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, இரண்டையும் குடித்தேன்.